பூஜ்யம் மணி நாற்பது நிமிஷம்

கம்ப்யூட்டர் கடை நடத்துவது என்பது, கம்ப்யூட்டர் சொல்வதை மனிதர்களுக்கும் மனிதர்கள் சொல்வதைக் கம்ப்யூட்டருக்கும் எடுத்துச் சொல்லி, இரண்டு பக்கமும் ஏச்சு வாங்குகிற பிழைப்பு. இதே பிழைப்பில் இருக்கிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் எங்கள் முகங்களைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

சங்கரன்கோவிலில் ராஜபாளையம் சாலையில் எங்கள் கடை. நானும் ஜெபராஜும் பங்குக்காரர்கள். விண்ணப்பம், பிரிண்ட், மெயில் எல்லாம் என் பக்கம். ரிப்பேர் அவன் பக்கம். இங்கே நான் எழுதப்போவது, மெயிலில் மணி காட்டுகிற முறையை மாற்றிய கதைகள். கேட்டால் சப்பென்றுதான் இருக்கும். ஆனால் வாயும் ஒரு பக்கக் கையும் காலும் விழுந்துபோன ஒரு மனிதர், விமானம் விட்டு இறங்கி ஆள் துணை இல்லாமல் கிடப்பாரா மாட்டாரா என்பது இந்தச் சின்ன விஷயத்தில்தான் மாட்டிக்கொண்டது. அதனால் சிரிக்கிற இடம் வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், நான் சிரித்து எழுதவில்லை.

என் முகவரியில் குடியிருப்பவர்கள்

எந்த விண்ணப்பத்தை எடுத்தாலும் மெயில் முகவரி கேட்கிறார்கள். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேரிடம் அது இல்லை, இருந்தாலும் பாஸ்வேர்டு நினைவில் இல்லை. அவசரத்துக்குக் கடை முகவரியைப் போட்டுவிடுவேன். இப்படிப் போட்டுப் போட்டு, ரேஷன் கார்டு முதல் பாஸ்போர்ட் வரை பாதி ஊர் என் மெயிலுக்குள் குடியேறிவிட்டது. வாடகை வராத குடித்தனங்கள். காலையில் கடை திறந்ததும் எந்த வீட்டுக்கு என்ன வந்திருக்கிறது என்று பார்த்து, அவரவருக்குப் போன் போடுவது என் முதல் வேலை.

அப்படிக் குடிவந்தவர்களில் ஒருவர் கருப்பசாமி. இளையரசனேந்தல் பக்கம். கொத்து வேலைக்கு வளைகுடாவுக்குப் போனபோது அவருடைய விண்ணப்பங்களை நான்தான் நிரப்பினேன். போன இடத்தில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே மூளையில் அடைப்பு வந்து விழுந்துவிட்டார். உயிர் பிழைத்தது. பேச்சு போய்விட்டது, வலது பக்கம் அசையவில்லை. ஆஸ்பத்திரி செய்தியும் கம்பெனி செய்தியும் என் மெயிலுக்கே வந்தன. அவர் மனைவி சண்முகத்தாய் காட்டு வேலையை விட்டுவிட்டு பஸ் ஏறி வருவாள், நான் வாசித்துச் சொல்வேன், கேட்டுவிட்டுப் போவாள். அழுகையை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்க என்னால்தான் முடியாது. உன் பெயரிலேயே ஒரு மெயில் தொடங்கித் தருகிறேன், போனிலேயே பார்த்துக்கொள்ளலாம், இவ்வளவு தூரம் அலைய வேண்டாம் என்றேன்.

"வேண்டாம்க்கா. நல்லதோ கெட்டதோ, ஒரு ஆளு வாயால கேட்டாத்தான் எனக்கு அது சேதி. தனியா இருந்து என்னால அதைப் பாக்க முடியாது."

பதினாறு அஞ்சு

எங்கள் கடைக் கம்ப்யூட்டரில் மணி இருபத்துநாலு மணிக் கணக்கில்தான் வெகுநாளாக இருந்தது. ஜெபராஜ் வைத்த ஏற்பாடு. மெயில் பெட்டியில் அன்றைக்கு வந்த மெயிலுக்கு நேரே தேதி காட்டாது, மணி மட்டும் காட்டும். பழைய மெயிலுக்குத்தான் தேதி. இது நமக்குத் தெரியும், வருகிறவர்களுக்குத் தெரியாது.

குருவிகுளம் பக்கத்திலிருந்து வேலுச்சாமி அண்ணாச்சி வந்தார். மானாவாரி உளுந்து போட்டு, மழை இல்லாமல் கருகிப்போய், பயிர்க் காப்பீட்டுக்கு எழுதிப் போட்டிருந்தவர். பதில் வந்திருக்கிறது என்று நான் போன் செய்ததும் அடித்துப் பிடித்து வந்தார். திரையில் 16:05 என்று இருந்ததைப் பார்த்ததும் அவருக்கு முகம் சிவந்துவிட்டது. மே மாதம் பதினாறாம் தேதியே வந்த மெயிலை இத்தனை நாளாக மூடி வைத்திருக்கிறேன் என்று கடைக்கு வெளியே கேட்கிற மாதிரி சத்தம் போட்டார். அது தேதி இல்லை, இன்றைக்குச் சாயங்காலம் நாலு அஞ்சு என்று நான் சொல்லச் சொல்ல, பதினாறு எப்படி நாலாகும் என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. மெயில் மென்பொருளுக்குள் தேடினால் இதை மாற்ற இடமே இருக்காது. கம்ப்யூட்டரின் பொது அமைப்பில் போய் மாற்ற வேண்டும், மெயிலை ஒருமுறை மூடித் திறக்க வேண்டும். மாற்றினேன். 4:05 பி.எம். என்று வந்தது. அண்ணாச்சி மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

"இப்பந்தான் தாயி இது மணி மாதிரி இருக்கு. முன்ன இருந்தது கேஸ் நம்பர் மாதிரில்லா இருந்துச்சு."

ஜெபராஜின் கட்சி

ஜெபராஜ் பொறுமைசாலி. பதினைந்து பேர் திறந்து கெடுத்த பிரிண்டரையும் முகம் சுளிக்காமல் பார்ப்பான். ஆனால் மணியை மாற்றிவிட்டேன் என்றதும் கோபம் வந்துவிட்டது. மறுநாள் அவன் கடை திறந்தான், இருபத்துநாலு ஆனது. அதற்கு அடுத்த நாள் நான் திறந்தேன், பன்னிரண்டு ஆனது. மாமியாரும் மருமகளும் அடுப்பில் ஒரே சட்டியை ஏற்றி இறக்குகிற மாதிரி இது நடந்தது. வருகிற ஆட்களுக்குப் புரிகிற மாதிரி வைப்போமே, உனக்கு என்ன நட்டம் என்று ஒருநாள் நேராகவே கேட்டேன். கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்துவிட்டுத்தான் பதில் சொன்னான்.

"பன்னெண்டு மணி ஒரு நாளைக்கு ரெண்டு தடவை வருதுக்கா. பூஜ்யம் ஒரே தடவைதான் வருது. என்னைக்காவது ஒருத்தர் அந்தப் பன்னெண்டுல மாட்டுவாங்க, அன்னைக்குப் பாப்பிய."

பூஜ்யம்

மாட்டியது சண்முகத்தாய்தான். கருப்பசாமியை ஊருக்கு அனுப்பக் கம்பெனி டிக்கெட் போட்டு மெயில் அனுப்பியிருந்தது. கூட ஒரு ஆள் துணைக்கு வருவான். திருவனந்தபுரத்தில் வீட்டாரிடம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அடுத்த விமானத்திலேயே திரும்பிவிடுவான். வீட்டார் கண்டிப்பாக வந்து நிற்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். போன் செய்தேன். சண்முகத்தாய் தன் கொழுந்தன் முத்துராசுவையும் கூட்டிக்கொண்டு வந்தாள். முத்துராசு ஒரு அரசு அலுவலகத்தில் கம்ப்யூட்டரில் பதிவு போடுகிற வேலையில் இருக்கிறவன். அண்ணன் மேல் உயிர். குடும்பத்தில் எந்த எழுத்து வேலைக்கும் அவன் வாசித்துச் சொல்வதுதான் முடிவு.

விமானம் திருவனந்தபுரத்தில் இறங்கும் நேரம் மெயிலோடு ஒட்டி வந்த நாள்காட்டிக் குறிப்பில் இருந்தது. அன்றைக்குக் கடை திறந்தது நான். ஆகவே, 'சனிக்கிழமை 12:40 ஏ.எம்.' என்று காட்டியது. முத்துராசு வாசித்தான். "ஏ.எம்.னா ராத்திரி. சனிக்கிழமை ராத்திரி பன்னெண்டு நாப்பது. மத்தியானம் சாப்பிட்டுட்டு வேன்ல கிளம்புனா சரியா இருக்கும், மயினி."

"தம்பி, அது வெள்ளிக்கிழமை ராத்திரி" என்றேன்.

"சனிக்கிழமைன்னுல்லா போட்டிருக்கு மேடம்?"

"போட்டிருக்கு. வெள்ளிக்கிழமை ராத்திரி பன்னெண்டு தாண்டுனாலே கம்ப்யூட்டருக்குச் சனிக்கிழமை பிறந்துரும்."

அவன் நம்பவில்லை. எழுதியிருப்பதற்கு மாறாக நான் ஒரு கிழமையைச் சொன்னால் யார்தான் நம்புவார்கள்? ஜெபராஜ் சொன்னது ஞாபகம் வந்தது. அவன் கட்சியை அவன் இல்லாத நேரத்தில் ஒப்புக்கொண்டு, அமைப்பை மாற்றி, மெயிலை மூடித் திறந்தேன். 'சனிக்கிழமை 00:40' என்று வந்தது. இதோ பாருங்கள், சனிக்கிழமை தொடங்கி நாற்பதே நிமிஷம் ஆகியிருக்கிறது, ஆக வெள்ளி ராத்திரி என்று தொட்டுக் காட்டினேன். அவன் முகம் தெளிந்தது. எனக்கு விளங்கவைத்துவிட்ட நிம்மதி. அந்த நிம்மதி அவன் வாயைத் திறக்கும்வரைதான் இருந்தது.

"இந்தா, பூஜ்யம்னுல்லா நிக்குது. எங்க ஆபீஸ்ல பூஜ்யம் நின்னா இன்னும் பதியலைன்னு அர்த்தம் மேடம். நிமிசத்தைப் போட்டுட்டு மணியை விட்டுருக்கான். சரியான மணி போட்டதும் சொல்லுங்க. அதுவரைக்கும் சனிக்கிழமைன்னே வச்சுக்கிடுதோம்."

எங்கே விடிகிறது

முத்துராசுவை யாரும் முட்டாள் என்று நினைத்துவிட வேண்டாம். அவன் போன பிறகு யோசித்துப் பார்த்தேன். நம் ஊரில் நடுராத்திரியில் யாருக்கு நாள் மாறுகிறது? எங்கள் கோயில் ஆடித்தபசுத் திருவிழா அன்று அம்மனுக்குச் சாமி சாயங்காலம் ஒரு காட்சி கொடுப்பார், ராத்திரி ஒரு காட்சி. ராத்திரிக் காட்சி பார்த்துவிட்டுக் கூட்டத்தில் நசுங்கி வீடு வந்து சேர எந்நேரம் ஆனாலும், அது தபசு அன்றைக்குப் பார்த்த காட்சிதான். மறுநாள் பார்த்தேன் என்று சொல்கிறவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. விடிந்தால்தான் நமக்கு மறுநாள். கம்ப்யூட்டருக்கு மட்டும் ஊரடங்கிக் கிடக்கும்போதே விடிந்துவிடுகிறது. மணியை எந்த வடிவத்தில் காட்டினாலும் இந்த வித்தியாசத்தை அது காட்டாது.

சண்முகத்தாய் போகவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தபடி நாங்கள் பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு தாளை எடுத்துக் கோடு கிழித்து, வெள்ளி, சனி என்று பிரித்து அவளுக்கு விளக்க ஆரம்பித்தேன். பாதியில் எனக்கே சந்தேகம் வந்துவிடும் போலிருந்தது. அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"கோடெல்லாம் எனக்குத் தெரியாதுக்கா. எந்தச் சாப்பாடு முடிஞ்சு நான் அவரைக் கூப்பிடப் போகணும், அதை மட்டும் சொல்லுங்க."

வெள்ளிக்கிழமை

வெள்ளிக்கிழமை ராச்சாப்பாட்டை அங்கே போய்த்தான் சாப்பிட வேண்டும் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். ஆனால் வேன் ஏற்பாடு முத்துராசு கையில் இருந்தது, வேன்காரர் சனிக்கிழமைக்குத்தான் ஒத்துக்கொண்டிருந்தார். டிக்கெட் அனுப்பிய ஆளிடமே கேட்டு முத்துராசு காதில் போட்டுவிடலாம் என்று மெயில் அனுப்பினேன், பதில் இல்லை. வெள்ளிக்கிழமை காலையில் மெயிலில் இருந்த கம்பெனி போன் எண்ணுக்கு ஜெபராஜ் திரும்பத் திரும்ப அடித்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அந்த ஊரில் வெள்ளிக்கிழமை வாரவிடுமுறை என்பது பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. முத்துராசுவுக்குப் போன் போட்டு, மரியாதையை எல்லாம் மறந்து கத்தினேன். வேன் ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருக்கிறது, வேறு வண்டிதான் பார்க்க வேண்டும், நீங்கள் சொல்வது நிச்சயம்தானா என்று அவன் திரும்பவும் கேட்டான். போய் நின்று ஆள் வராவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அவனுக்கு.

மத்தியானத்துக்கு முன்பே சண்முகத்தாய் கடை வாசலில் நின்றாள். கையில் ஒரு பை. அதில் சோறு, தண்ணீர் பாட்டில், கருப்பசாமிக்கு இடுப்பில் கட்ட ஒரு சாரமும், ஒரு சட்டையும். திருநெல்வேலி போய், நாகர்கோவில் வழியாகத் திருவனந்தபுரம் போகிறேன் என்றாள். மதுரையைக்கூடத் தனியாகப் போய்ப் பார்த்தவள் இல்லை அவள். விமான எண்ணையும் கருப்பசாமியின் பெயரையும் தமிழிலும் இங்கிலீஷிலும் மலையாளத்திலும் பெரிதாக பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். மலையாளத்துக்கு ஜெபராஜ் யாரிடமோ போனில் கேட்டான். கொழுந்தன் வண்டி பார்த்துக்கொண்டிருக்கிறான், கொஞ்சம் பொறுத்து அவனோடு போகலாமே என்று கேட்டேன். பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஒரு நாள் முந்திப் போனா நான் காத்துக் கெடப்பேன். ஒரு நாள் பிந்திப் போனா அவருல்லாக்கா காத்துக் கெடப்பாரு."

முத்துராசு சொன்னது

திங்கட்கிழமை முத்துராசு கடைக்கு வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மயினி தனியாகப் பஸ் ஏறிவிட்டது தெரிந்ததும், வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாசுதேவநல்லூரில் சிநேகிதன் ஒருவனின் காரை இரவல் வாங்கிக்கொண்டு கிளம்பியிருக்கிறான். வழியில் டயர் போய், வழி தவறி, விடிகிற நேரத்தில்தான் போய்ச் சேர்ந்திருக்கிறான். கருப்பசாமி அன்று ராத்திரியே வந்து இறங்கியிருந்தார். வெளியே ஒரு தூண் ஓரத்தில் சக்கர நாற்காலியில் அவர், கீழே தரையில் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தபடி சண்முகத்தாய். தம்பியைக் கண்டதும் அண்ணனுக்குப் பாதி முகம் மட்டும் சிரித்ததாம். இதைச் சொல்லும்போது அவன் என்னைப் பார்க்கவில்லை, அணைந்து கிடந்த பிரிண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். மணி போடவில்லை என்று சொன்னதை நான் கிண்டல் செய்வேன் என்று எதிர்பார்த்தானோ என்னவோ. வீட்டில் அண்ணனுக்குக் கஞ்சி புகட்டுவது இப்போது அவன்தான் என்று எனக்குத் தெரியும். கிண்டல் செய்கிற மனசு எங்கிருந்து வரும்?

"மயினி அந்தப் பஸ்ஸுல ஏறாம இருந்திருந்தா, நான் சனிக்கிழமை சாவகாசமா மீன் குழம்பு ஊத்திச் சாப்பிட்டுட்டுக் கிளம்பியிருப்பேன் மேடம். அந்தச் சோறுதான் தொண்டையில நிக்குது, சாப்பிடாத சோறு."

சண்முகத்தாய் சொன்னது

அவள் கொஞ்ச நாள் கழித்து வந்தாள், மாற்றுத்திறனாளி சான்றுக்கு விண்ணப்பிக்க. கருப்பசாமியின் புதுப் போட்டோவை மேசையில் வைத்தாள். முன்பு பாஸ்போர்ட்டுக்கு எடுத்த முகத்தை நான் பார்த்திருக்கிறேன். அதற்கும் இதற்கும் நடுவே என்னவெல்லாமோ போய்விட்டது. பேச்சு திரும்புமா என்று டாக்டர்கள் உறுதியாகச் சொல்லவில்லை. திரும்பாது என்று அவள் தனக்குள் முடிவு கட்டிவிட்ட மாதிரி இருந்தது. விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டே, அன்றைக்கு ராத்திரி பயமாக இல்லையா என்று கேட்டேன். பயம் இருந்தது, பாஷை தெரியவில்லை, கதவு திறக்கும்போதெல்லாம் தாளைத் தூக்கிப் பிடித்துக் கை கடுத்துவிட்டது என்றாள். அப்புறம் கதவு திறந்தது, நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஒருவன் வந்தான், கையெழுத்து வாங்கினான், போய்விட்டான் என்றாள். அவள் இதுவரை என் முன்னால் அழுததில்லை. அன்றைக்கும் அழவில்லை. நான்தான் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

"கூட வந்தவன் அரைகுறைத் தமிழ்ல சொன்னான், பிளேன்ல ஒண்ணுக்கு வருதுன்னு சொல்ல வாய் இல்லைன்னு, ஏறுனதுல இருந்து அவருக்குத் தண்ணியே கொடுக்கலையாம்க்கா. நான் கொண்டு போன பாட்டிலை ஒத்தைக் கையால பிடுங்கிக் குடிச்சாரு. நான் நிக்காம இருந்திருந்தா, யாருகிட்ட, எந்த வாயால கேட்டிருப்பாரு?"

இருபத்துநாலா பன்னிரண்டா என்று எங்கள் கடையில் இப்போதும் சட்டி ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் நாங்கள் மாற்றிக் கொடுப்பது மணி காட்டுகிற வடிவத்தைத்தான், நேரம் என்னவோ அவரவர் போய் நின்றுதான் பார்க்க வேண்டியிருக்கிறது.